தெரிந்த முகம்



2024-ம் வருடம் குருத்து ஞாயிறு. பூசை முடிந்து, ஜனங்கள் கையிலிருந்த ஓலையைச் சிலுவையாக மடித்துக்கொண்டே கலைந்துகொண்டிருந்தார்கள். அப்போது கடலூர் முதுநகரிலிருந்து வரும் சகோதரர் ஒருவர் என்னைக் கோவில் வாசலில் ஒதுக்கமாக நிறுத்தினார்.

"சாமி, அம்மாவுக்கு வயசு எண்பத்தேழு. வீட்டுக்கே வந்து வோட்டு வாங்குறதுக்குப் பாரம் எழுதிக் குடுத்திருக்கேன். ஆனா அவங்களுக்கு இப்ப எந்தக் கட்சி எவரோட இருக்குன்னே தெரியல. நாள் முழுக்க டி.வி.தான். நான் சொல்ற சின்னத்துக்குப் போடுங்கன்னு சொன்னா, அது பாவமா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன். குருவானவர் யோசிக்க வேண்டிய அளவுக்கு இதில் என்ன இருக்கிறது என்று அவர் நினைத்திருக்கக்கூடும். வாஸ்தவம் என்னவென்றால், இதே சங்கதி அதற்கு மூன்று வருடம் முன்பு என் சொந்தத் தாயார் வீட்டில் நடந்திருந்தது. அதை அவரிடம் கோவில் வாசலில் நின்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்தத் தேர்தல் முடிந்துவிட்டது, கேள்வி முடியவில்லை. ஆகையால் இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். 2021 சட்டசபைத் தேர்தலின்போது நம் மாநிலத்தில் 80 வயது தாண்டியவர்கள் வீட்டிலிருந்தபடியே தபால் வோட்டுப் போட வசதி செய்யப்பட்டது. 2024 பார்லிமெண்டுத் தேர்தலுக்கு முன் அந்த வயதை 85 ஆக உயர்த்தினார்கள். அதிகாரிகள் வீட்டுக்கு வருகிறார்கள். கூட ஒரு போலீஸ்காரரும் படம் பிடிக்கிறவரும் வருகிறார்கள். மறைவாகக் குறியிடச் செய்து, சீட்டை உறையிலிட்டு ஒட்டி வாங்கிப் போகிறார்கள். கண் தெரியாதவர், கை நடுங்குகிறவர், தாம் நம்பும் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். துணைக்கு நிற்பவர் வோட்டர் சொன்னபடி குறியிட வேண்டும். அதை வெளியே சொல்லக்கூடாது. கிழவிக்கு அரசியல் தெரியுமா என்று எந்த அதிகாரியும் பரீட்சை வைப்பதில்லை.

வோட்டுக்குக் கீழ் வயது உண்டு. 1989 வரை 21, அது முதல் 18. மேல் வயது கிடையாது. எல்லாக் காலத்திலும் எல்லா இடத்திலும் இப்படி இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நம் சிதம்பரத்துப் பொன்னம்பலத்துக்குப் பொன் வேய்ந்தவன் என்று பேர் பெற்ற முதலாம் பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலையில் பெயர் எழுதப்படுகிறவன் 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்குள்ளும் இருக்கவேண்டும் என்று விதிக்கிறது. அது நிர்வாகம் பண்ணுகிறவனுக்கு வைத்த அளவு என்று விட்டுவிடலாம். நம் திருச்சபையையே எடுத்துக்கொள்ளுங்கள். பாப்பரசர் 6-ம் சின்னப்பர் 1970-ல் இட்ட கட்டளைப்படி 80 வயது நிறைந்த கர்தினால்மார் பாப்பரசரைத் தேர்ந்தெடுக்கும் சபையில் வோட்டுப் போட முடியாது. 2025 மே மாதம் 14-ம் சிங்கராயர் என்கிற லியோ பாப்பரசரைத் தேர்ந்தெடுத்த 133 பேரும் அந்த வயதுக்கு உட்பட்டவர்களே. உரோமாபுரியில் ஒரு கர்தினாலுக்கு இல்லாத உரிமை, கடலூர் மாவட்டத்துக் குடிசையில் படுத்திருக்கிற கிழவிக்கு உண்டு. நம் நாட்டின் ஏற்பாட்டில் எனக்குப் பெருமையான விஷயங்களில் இது ஒன்று.

"ஒரு கிழவி வோட்டால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2016-ல் நம் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோவில் தொகுதியில் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் 87 வோட்டு. ஒரு கலியாணத்துக்கு வேன் வைத்துக்கொண்டு போகிற கூட்டம் அதைவிட அதிகம். அன்று தோற்ற திரு. தொல். திருமாவளவன் 2019-ல் சிதம்பரம் பார்லிமெண்டுத் தொகுதியில் ஜெயித்தபோது வித்தியாசம் 3,219. பதிவான வோட்டுகளோ பத்து லட்சத்துக்கு மேல். யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பது எனக்கு இங்கே விஷயமில்லை. 87 பேரை ஒரு தெருவில் எண்ணிவிடலாம் என்பதுதான் விஷயம்.

நிற்க. இனி என் தாயாரைப் பற்றி.

அவர் 1939-ல் பிறந்தவர். எங்கள் ஊர் புவனகிரிக்கும் சிதம்பரத்துக்கும் இடையில் உள்ள ஒரு சிற்றூர். நான் கடைக்குட்டி. எனக்குக் குருப்பட்டம் ஆன நாள் முதல் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "சாமி" என்பார், "நீங்க" என்பார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. 2020-ல் ஊரடங்கு நடந்துகொண்டிருந்தபோது தகப்பனார் காலமானார். 20 பேருக்கு மேல் கூடக்கூடாது என்று உத்தரவு. எண்ணி நிறுத்தி அடக்கம் செய்தோம். அதற்குப்பின் அண்ணன்மார் சென்னைக்கும் துபாய்க்கும் திரும்பிவிட்டார்கள். அக்காமார் அவரவர் வீட்டில். நான் மாதத்துக்கு ஒரு முறை பஸ் ஏறிப் போய், சாப்பிட்டுவிட்டு, வாசலில் நின்று ஆசீர்வாதம் கொடுத்துவிட்டு, சாயங்காலப் பூசைக்குத் திரும்பிவிடுவேன். தாயாரோடு வீட்டில் இருந்தது டெலிவிஷன் ஒன்றுதான்.

2021 தவக்காலத்தில், வீட்டு வோட்டு வாங்க நாளைக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்தது. அவருக்குக் கண்ணில் புரை, கையும் நடுங்கும். "நீங்க வந்து துணைக்கு நில்லுங்க சாமி" என்று சொல்லி அனுப்பியிருந்தார். முந்தின இரவே போய்விட்டேன். சாப்பாடு ஆனதும், யாருக்குப் போட உத்தேசம் என்று கேட்டேன். சொன்னார். ஏன் என்றும் சொன்னார்.

யாருக்கு என்பதை எழுதமாட்டேன். பாவசங்கீர்த்தன இரகசியத்துக்கு அடுத்தபடி நான் மதிக்கிற இரகசியம் அது. காரணத்தை மட்டும் சொல்லுகிறேன். "தினம் பாக்குறேனே. நல்ல முகம். பேசுறப்ப நம்மளப் பாத்தே பேசுறமாதிரி இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. சம்மனசு மாதிரி முகம் வைத்துக்கொண்டு கோபத்தை மறைக்கிற வித்தை எங்களுக்குக் குருமடத்திலேயே பழகிவிடும். ஆனால் அன்று மறைக்க முடியவில்லை. அரை மணி நேரம் வாதாடினேன். அந்த முகம் கேமராவைப் பார்க்கிறது, உங்களைப் பார்க்கவில்லை என்றேன். நம் ஊர் வாய்க்காலைத் தூர்த்தது யார், ரேஷன் அரிசி நிலவரம் என்ன, வெள்ளம் வந்தபோது வந்தவர் யார், வராதவர் யார் என்றெல்லாம் அடுக்கினேன். அவர் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னார்:

"அறுபத்திரண்டுல மொதல் வோட்டு. உங்க அப்பா சொன்னதுக்குப் போட்டேன். அவரு போறவரைக்கும் அவரு சொன்னதுக்குத்தான் போட்டேன். இந்த ஒண்ணுதான் நானா போடுறது சாமி."

1962 தேர்தலில்தான் விரலில் அழியாத மை வைப்பது ஆரம்பமாயிற்று. அந்த மை வைத்த முதல் விரல்களில் என் தாயாருடையதும் ஒன்று. ஏறக்குறைய 60 வருடம் விரல் மட்டும் அவருடையதாக இருந்திருக்கிறது. எங்கள் வீட்டில் இது ஒரு குறையாக யாருக்கும் தோன்றியதே இல்லை, எனக்கும் தோன்றியதில்லை. இப்போது தகப்பனார் போன பிறகு, அந்த நாற்காலியில் உட்கார நான் வந்திருக்கிறேன்!

அன்று இரவு நான் தூங்கவில்லை. அவர் வைத்திருந்த காரணம் நல்ல காரணமல்ல என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. முகத்தைப் பார்த்து வோட்டுப் போடுவது புதிதுமல்ல. 1984 டிசம்பரில் எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒரு மேடைகூட ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தை ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள், ஆண்டிபட்டியில் ஜெயித்தார். 2006-ல் நம் மாவட்டத்து விருத்தாசலத்திலேயே, கட்சி ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகாத நடிகர் விஜயகாந்த் நின்று ஜெயித்தார். மற்ற எந்தத் தொகுதியிலும் அவர் கட்சிக்கு ஒருவரும் தேறவில்லை. அதே 2006-ல்தான் வீட்டுக்கு ஒரு கலர் டெலிவிஷன் இலவசம் என்ற வாக்குறுதியும் வந்தது. செப்டம்பரில் திட்டம் ஆரம்பமாகி, வருடங்கள் ஓட, ஒன்றரைக் கோடிக்கு மேல் பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. 14 அங்குலம். தகப்பனார் அதைப் பெட்ரோமாக்ஸ் விளக்கு வைத்திருந்த அலமாரியில் வைத்தார். வோட்டுக்காக வந்த பெட்டி, பிற்பாடு வோட்டைத் தானே வாங்கப் பழகிக்கொண்டது.

ஆனாலும் பெட்டியின் பேரில் எல்லாப் பழியையும் போட எனக்கு மனம் வரவில்லை. அர்ச். கிளாரம்மாள் கடைசிக் காலத்தில் நோயாய்ப் படுக்கையில் கிடந்தாள். 1252-ம் வருடம் கிறிஸ்துமஸ் இரவு, எல்லாரும் கோவிலுக்குப் போய்விட, தனியே கிடந்த அவளுக்கு அங்கு நடந்த பூசை அறையிலிருந்தபடியே தெரிந்தது என்று அவள் சரித்திரம் சொல்லுகிறது. அதனாலேயே பாப்பரசர் 12-ம் பத்திநாதர் 1950-களின் பிற்பகுதியில் அவளை டெலிவிஷனுக்குப் பாதுகாவலியாக ஏற்படுத்தினார். அப்போது நம் நாட்டில் டெலிவிஷனே இல்லை; டில்லியில் 1959-லும், சென்னையில் 1975-லும்தான் வந்தது. படுத்த படுக்கையாய்த் தனியே விடப்பட்ட ஒரு கிழவியை இந்தக் கருவிக்குப் பாதுகாவலியாகத் தேர்ந்தது எவ்வளவு பொருத்தம்! ஊரடங்கில் கோவில்கள் சாத்தியிருந்த நாட்களில் என் தாயாரும் அலமாரிப் பெட்டியின் முன் முழந்தாளிட்டுத்தான் பூசை கண்டார்.

குருமடத்தில் எங்களுக்கு நீதி சாஸ்திரம் போதித்தவர்கள், அறியாமையை இரண்டாகப் பிரித்துக் காட்டுவார்கள். முயன்றால் நீங்கக்கூடிய அறியாமை ஒன்று, அது குற்றம். எவ்வளவு முயன்றாலும் தன்னால் நீக்கிக்கொள்ள முடியாத அறியாமை மற்றது, அது குற்றமல்ல. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினேன், மார்க்கும் வாங்கினேன். என் தாயாரின் அறியாமை இதில் எந்த வகை என்று அந்த இரவில்தான் யோசித்தேன். அவருக்குப் படிப்பு மூன்றாம் வகுப்பு. பத்திரிகை படிக்கக் கண் இல்லை. ஊர் நடப்பைச் சொல்ல ஆளில்லை. அவரால் நீக்கிக்கொள்ள முடியாத அறியாமை அது. ஆனால் வேறொருவரால் நீக்கியிருக்க முடியும். மாதம் ஒரு முறை வந்து, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்ட ஒருவனால் முடியும். வாய்க்காலைப் பற்றி அவ்வளவு விவரம் தெரிந்தவன், அதை வோட்டுக்கு முந்தின இரவுக்கென்று பத்திரமாய் வைத்திருந்தானே!

அந்த முகம் தினமும் வந்தது. நான் வரவில்லை.

தானே புயலின் ஞாபகமும் அன்றிரவு வந்தது. 2011 டிசம்பர் 30 காலை அது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை ஏறியதை நீங்கள் யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு போயின. மின்கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த நாட்களில் நான் ஊருக்குப் போனபோது, திண்ணையில் என் தாயாரைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யார் வீட்டுக் கூரை போயிற்று, நிவாரணப் பட்டியலில் யார் பெயர் விட்டுப்போயிற்று, எந்த அதிகாரி யாரிடம் எப்படிப் பேசினார் என்று எல்லாம் அவருக்கு அத்துபடி. விட்டுப்போன பெயர்களைச் சேர்க்கச் சொல்லி என்னை மனு எழுத வைத்தவரும் அவர்தான். அந்த மாதத்தில் தேர்தல் வைத்திருந்தால் எங்கள் ஊரில் என் தாயாரைவிட விவரமான வோட்டர் கிடையாது. கரண்ட் வந்தது; திண்ணை காலியாயிற்று. புயலைத் திரும்பக் கூப்பிடச் சொல்லவில்லை. கண்டதைச் சொல்லுகிறேன்.

நட்சத்திரங்களைப் பற்றிய செய்தியில் நமக்கு ஏன் இத்தனை ஆசை என்று பிரசங்கத்தில் கண்டித்துப் பேசுவது சுலபம். பிறர் காரியங்களை அறிய விரும்புவதைப் பற்றி அர்ச். அக்வினாஸ் தோமையார் 13-ம் நூற்றாண்டிலேயே விசாரித்திருக்கிறார். தனக்கோ அயலானுக்கோ நன்மை உண்டாகப் பார்ப்பது நல்லது, இகழ்வதற்கும் வீணுக்கும் பார்ப்பது கெட்டது என்பது அவர் தீர்ப்பின் சாரம். ஆனால் தனிமையின் நிமித்தம் பார்ப்பதை எந்தக் கணக்கில் வைப்பது? ஒரு நடிகையின் கலியாணம், ஒரு நடிகரின் ஆஸ்பத்திரிச் செய்தி இவற்றை என் தாயார் சொல்லும்போது, பக்கத்து வீட்டுச் சங்கதி சொல்லுகிற அதே குரலில்தான் சொல்லுவார். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. அதில் இருந்தவர்கள் திருப்பூருக்குப் போய் வருடக்கணக்காகிவிட்டது.

2023 டிசம்பர் 28-ந் தேதி விஜயகாந்த் காலமானார். மறுநாள் சென்னையில் அவருடைய அடக்கம். அதே நாளில் நம் பக்கத்திலும் ஒரு முதியவருக்கு அடக்கம் இருந்தது. நல்ல மனிதர், கைத்தொழில் செய்து பிழைத்தவர். கல்லறைக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர். வரும் வழியில் வீட்டுக்கு வீடு டெலிவிஷனில் சென்னை ஊர்வலம். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அழுதது தப்பென்று நான் சொல்லவில்லை. பசித்து வந்தவருக்குச் சோறு போட்டவர் என்று பேர் வாங்கியவருக்காக அழுதார்கள். பூசை உடுப்பைக் கழற்றிவிட்டு நானும் சற்று நேரம் பார்த்தேன், என் கண்ணும் கலங்கியது. கல்லறையில் கலங்கவில்லை. அது ஏன் என்று இன்றுவரை எனக்கு நானே பதில் சொல்லிக்கொள்ளவில்லை.

2021-க்குத் திரும்புவோம். காலையில் அதிகாரிகள் வந்தார்கள். ஒரு இளம் பெண் அதிகாரி வெகு மரியாதையாகப் பேசினார். தாயார் வெளுத்த புடவை கட்டி, நற்கருணை வாங்கப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பேனா என் கையில். சீட்டில் பெயர்கள் வரிசையாக இருந்தன. அவருக்கு எழுத்துத் தெரியாது. நான் எங்கே குறியிட்டாலும் அவருக்குத் தெரியப் போவதில்லை, எந்தக் கேமராவுக்கும் தெரியப் போவதில்லை. அந்த அரை நிமிஷ நேரத்தை நான் மறைக்க விரும்பவில்லை: என் பேனா ஒரு முறை தயங்கியது. குரு, மகன், நல்லது தெரிந்தவன் என்று மூன்று நியாயங்கள் தயாராக நின்றன. பிறகு அவர் சொன்ன இடத்தில் குறியிட்டேன். உறையை ஒட்டினேன்.

அதிகாரிகள் போனதும், "சொன்னதுக்குத்தான போட்டீங்க?" என்று கேட்டார்.

"ஆமாம் அம்மா."

"யாருக்குன்னு உங்க அண்ணனுக்குக்கூடச் சொல்லிடாதீங்க."

அண்ணனுக்குச் சொல்லவில்லை. மறு வருடம் அவர் காலமாகிவிட்டார்.

முதுநகர்ச் சகோதரருக்கு அந்தப் பெரிய வாரத்திலேயே ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, என் தாயார் கதையைச் சொல்லாமல், பதிலை மட்டும் சொன்னேன். கை அவருடையதாக இருக்கட்டும். நீங்கள் சொல்லுகிற சின்னத்துக்குப் போட வைத்தால் அது உங்களுடைய இரண்டாவது வோட்டு, அது திருட்டு. உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லலாம், மகன் தாயிடம் பேசக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் ஒரு இரவில் சொல்லாதீர்கள். இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் பெட்டியை அணைத்துவிட்டு அவரோடு உட்காருங்கள். அரசியல்தான் பேசவேண்டும் என்பதில்லை.

பாஸ்குத் திருநாளன்று பூசைக்குப்பின் அதே வாசலில் நின்றார். சிரித்துக்கொண்டிருந்தார், சற்று வெட்கத்தோடு.

"ஒக்காந்தேன் சாமி. நான் பேச வாயெடுக்குறதுக்குள்ள அம்மா கேட்டாங்க: தெருமுனை சாக்கடை மூடி இல்லாம கெடக்குதே, நம்ம வார்டு கவுன்சிலர் பேரு என்னன்னு."

"என்ன சொன்னீர்கள்?"

"தெரியல சாமி. எனக்குத் தெரியல."

நான் தலையாட்டிவிட்டு உள்ளே வந்தேன். கோவில்பிள்ளை மெழுகுவர்த்திகளை அணைத்துக்கொண்டிருந்தார். நம் கோவில் எந்த வார்டு, கவுன்சிலர் யார் என்று அவரிடம் மெதுவாகக் கேட்டேன்.